இன்சோலைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

கேள்வி:

ஐயா, நாங்கள் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், வயது 16. ஏழாம் வகுப்பிலிருந்து பள்ளி அணிக்குப் பூப்பந்து (பால் பேட்மிண்டன்) ஆடுகிறாள். ஆறு மாதமாக, ஆடிவிட்டு வந்தால் இரண்டு காலிலும் உள்பக்கக் கணுக்காலுக்குக் கீழே வலி என்கிறாள். எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, தட்டைப் பாதம் என்றார். அளவெடுத்து ஷூவுக்குள் வைக்கும் சோல் செய்து வாங்கினோம். 4,500 ரூபாய் ஆனது. அவள் அப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய விலையுயர்ந்த ஷூவில் அதை வைத்துக்கொண்டு ஆடினாள். விரல் நசுங்குகிறது, குதிகால் வெளியே வெளியே வருகிறது என்றாள். இரண்டாம் நாளே வலது கால் பிசகிவிட்டது. மூன்று வாரமாகிறது, வீக்கம் வடிந்துவிட்டது. பி.டி. சார், "அதெல்லாம் வேண்டாம், முன்னாடி மாதிரி வெறுங்காலோடு ஆடட்டும்" என்கிறார். மாமியார், குழந்தையில் கால் நீவிவிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று என்னைச் சொல்கிறார். சோலை வைத்து ஆடலாமா, கூடாதா? எந்த ஷூ வாங்குவது? வளைவு வந்துவிடுமா? போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், அதற்கு இது தடையா?

- ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளின் பாதமும் பார்க்கத் தட்டையாகத்தான் இருக்கும். உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை இருக்கும், மூட்டுகள் தளர்ந்திருக்கும். நடந்து, ஓடி, குதித்து வளர வளர, பத்து வயதுக்குள் பெரும்பாலோருக்கு வளைவு தானாக எழும். சிலருக்கு எழாது. இது பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. எண்ணெய் தேய்த்து நீவியதால் வளைவு வந்துவிடாது, நீவாததால் போய்விடவும் செய்யாது. மாமியார் குளித்துவிட்டு வரும்போது சிமென்ட் தரையில் விழும் ஈரக்கால் தடத்தை ஒருநாள் பாருங்கள். பேத்திக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாலும் தெரியலாம். தெரிந்தால் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை, கையை மூடி மாவில் தோய்த்துக் குட்டிப் பாதம் வைப்போமே, அதில் உள்பக்கம் எப்படிக் குழிந்திருக்கும்? வளைவுள்ள பாதத்தின் தடம் அதுதான். உங்கள் மகள் ஈரக்காலோடு நின்றால் அந்தக் குழிவு இருக்காது, முழுப் பாதமும் பதியும். இதுவரை பயப்பட ஒன்றுமில்லை. நான் பார்க்கச் சொல்வது வேறொன்று. அவளைச் சுவர் ஓரமாக நிற்கவைத்து, நீங்கள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நுனிக்காலில் எழும்பச் சொல்லுங்கள். எழும்பும்போது உள்பக்கம் வளைவு தெரிகிறதா? குதிகால் இரண்டும் லேசாக உள்நோக்கித் திரும்புகின்றனவா? அப்படியென்றால் அது வளைந்து கொடுக்கும் தட்டைப் பாதம். தட்டைப் பாதக்காரர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான், நானும் உட்பட. எழும்பியும் வளைவு வராமல் பாதம் பலகை மாதிரி நின்றால், அல்லது ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால், திரும்பவும் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். உள்ளே இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கலாம், அது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மரத்துப்போவது, காரணமில்லாத வீக்கம் இவற்றுக்கும் அதே பதில்தான்.

சரி, அவளுக்கு வலி ஏன்? கெண்டைக்காலிலிருந்து ஒரு தசைநாண் உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் இறங்கி, பாதத்தின் அடியில் போய்ப் பிடிக்கிறது. வளைவைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதம் ஒவ்வொரு அடிக்கும் உள்பக்கமாகச் சரியும்போது இந்தக் கயிறுதான் இழுத்து நிறுத்துகிறது. சும்மா நடக்கும்போது சமாளித்துவிடும். மாலையில் இரண்டு மணி நேரம் பக்கவாட்டில் பாய்ந்து, குனிந்து, எம்பி ஆடினால் அதற்கு வேலை அதிகம், வலிக்கிறது. நீங்கள் சோல் என்பது, கடையில் இன்சோல் என்பது, மருத்துவர் சீட்டில் ஆர்த்தோடிக் என்று எழுதுவது எல்லாம் ஒன்றே. அது பாதத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து அந்தக் கயிறின் சுமையைக் குறைக்கிறது. வாழைக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி. முட்டு கொடுத்ததால் மரம் நேராக வளர்ந்துவிடப் போவதில்லை, காற்றில் சாயாமல் நிற்கும், அவ்வளவுதான்.

அதனால் வளைவு வருமா என்ற கேள்விக்கு என் பதில்: வராது. 1989-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. தட்டைப் பாதமுள்ள ஒரு வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை மூன்று வருடம் கவனித்தார்கள். திருத்தும் ஷூ போட்டவர்கள், இன்சோல் வைத்தவர்கள், ஒன்றும் செய்யாதவர்கள் என்று பிரித்துப் பார்த்ததில், எல்லோருக்கும் பாதம் ஒரே மாதிரிதான் வளர்ந்தது. அந்தச் சின்ன வயதிலேயே மாற்ற முடியாததைப் பதினாறு வயதில் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். நம் இலக்கு பாதத்தின் வடிவம் இல்லை, வலி. வலியில்லாமல் ஆடுகிறாள் என்றால் தட்டையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உங்கள் 4,500 ரூபாய்க்கு வருகிறேன். கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இன்சோல் மீது தப்பில்லை, அது போய் உட்கார்ந்த இடம்தான் தப்பு. சிங்கப்பூர் ஷூவைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. ஆனால் அப்பாக்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் ஷூ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வாரத்துக்கு இரண்டு ஜோடி என் மேஜைக்கு வருகிறது. அடியில் தடியான, மெத்தென்ற ரன்னிங் ஷூ. சிலவற்றில் குதிகாலுக்கு அடியில் மட்டும் 30 மில்லிமீட்டருக்கு மேல் மெத்தை இருக்கும். நேராக ஓடுபவர்களுக்கு அருமையான பொருள். மேல்பக்கம் வலைத்துணி, காற்றோட்டமாக இருக்கும், பக்கவாட்டில் பிடிப்பு குறைவு. ஓடுபவருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு அவ்வளவு தேவையும் இல்லை.

அதில் உங்கள் மகள் என்ன செய்திருப்பாள்? ஷூவோடு வந்த இன்சோலை எடுக்காமல், அதன் மேலேயே புதியதை வைத்திருப்பாள். பத்தில் எட்டுப் பேர் என்னிடம் இப்படித்தான் வருகிறார்கள். இரண்டு அடுக்கானதும் பாதம் ஷூவுக்குள் மேலே ஏறிவிடும். முன்பக்கம் இடம் குறைந்து விரல் நசுங்கும். பின்பக்கம் குதிகாலைப் பிடிக்க வேண்டிய விளிம்பு கீழே போய்விடும், குதிகால் நழுவும். மெத்தை உயரமும் சேர்ந்து, முக்காலி மேல் நின்று ஆடுவது மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் ஒரு பந்துக்குப் பாய்ந்து கால் ஊன்றியபோது மெத்தை ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், கணுக்கால் மடங்கியிருக்கும். பிசகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆக, இன்சோலை வைத்து ஆடலாம். அதற்கு இடம் கொடுக்கும் ஷூ வேண்டும், அவள் ஆடும் ஆட்டத்துக்கு ஏற்ற ஷூ வேண்டும்.

இங்கேதான் பூப்பந்துக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. நம் தஞ்சாவூர் மண்ணில் பிறந்த ஆட்டம், 1856 வாக்கிலேயே அரண்மனைக்காரர்கள் ஆடியதாகச் சொல்வார்கள். ஆனால் கடையில் போய்ப் பூப்பந்து ஷூ என்று கேட்டால் கடைக்காரர் ஷட்டில் ஷூவை எடுத்து வைப்பார். ஷட்டில் ஷூ உள்ளரங்க மரத் தரைக்கும் சிந்தெடிக் தரைக்கும் செய்தது. அடிப்பாகம் தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர். மரத் தரையில் அருமையாகப் பிடிக்கும். நம் பள்ளி மைதானத்தில் 24 மீட்டருக்கு 12 மீட்டர் கோடு போட்டு, தண்ணீர் தெளித்து, சருகு கூட்டி ஆடுகிறார்களே, அந்த மண்ணில் புழுதி ஒட்டியதும் அதே ரப்பர் வழுக்கும். சரளை கலந்த மண்ணாக இருந்தால் இரண்டு மாதத்தில் தேய்ந்தும் போகும். கால்பந்து ஷூ இன்னும் மோசம். அடியில் இருக்கும் குமிழ்கள் மண்ணில் பதிந்து நின்றுகொள்ளும், உடம்பு திரும்பும், முட்டி மாட்டிக்கொள்ளும்.

மண் தரைக்கு எனக்குத் தெரிந்து சரியாக வருவது டென்னிஸ் ஷூ. வெளியரங்கில் ஆட என்று கேளுங்கள். திருப்பிப் பார்த்தால் அடிப்பாகம் முழுக்க மீன்முள் மாதிரி வளைந்து வளைந்து வரி ஓடும். களிமண் தரையில் டென்னிஸ் ஆடுபவர்களுக்கென்று வந்த வரி அது. பிடிக்கவும் பிடிக்கும், தேவையானபோது கொஞ்சம் சறுக்கவும் விடும், மண்ணையும் ஓரளவு உதறிவிடும். ரப்பர் கெட்டியாக இருப்பதால் சீக்கிரம் தேயாது. பக்கவாட்டில் தாங்கும்படி செய்தது. மன்னார்குடியில் கிடைக்காவிட்டால் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ விளையாட்டுச் சாமான் கடைகளில் கேளுங்கள், வரவழைத்துத் தருவார்கள். இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் தேவையான எல்லாம் உள்ள ஷூ கிடைக்கும். அதற்கு மேல் கொடுப்பதில் பாதி, நிறத்துக்கும் பெயருக்கும் போகிறது.

ஆன்லைனில் வாங்க வேண்டாம். முதல் ஜோடியையாவது வேண்டாம். சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரம் அது. ஆடும்போது போடும் அதே சாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மகளை அழைத்துப் போங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் "அவள் சைஸ் எனக்குத் தெரியும்" என்று அம்மா மட்டும் போய் வாங்கி வந்த ஷூக்களை நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த இன்சோல் இரண்டையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொண்டு போங்கள்.

கடையில் முதலில், ஷூவுக்குள் கைவிட்டு உள்ளிருக்கும் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். சில ஷூக்களில் ஒட்டியிருப்பார்கள். வராவிட்டால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். வந்தால் அதை வெளியே எடுத்து, உங்கள் இன்சோலை அதன் மேல் வைத்து ஒப்பிடுங்கள். அகலமும் நீளமும் கிட்டத்தட்ட ஒத்துப் போக வேண்டும். பிறகு உங்களுடையதை ஷூவுக்குள் வையுங்கள். தரையோடு தரையாகப் பதிந்து உட்கார வேண்டும். ஓரம் மடங்கினாலோ, ஒரு மூலை தூக்கி நின்றாலோ, விரலால் அழுத்தினால் ஆடினாலோ, அங்கே கால் வைத்தால் இன்னும் ஆடும்.

அடுத்து ஷூவின் பின்பக்கத்தை, குதிகாலைக் கவ்வும் இடத்தை, கட்டைவிரலால் அழுத்துங்கள். அட்டைப் பெட்டி மாதிரி உள்ளே அமுங்கினால் வைத்துவிடுங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். இன்சோல் தன் வேலையைச் செய்வது குதிகால் நேராக நிற்பதை நம்பித்தான். அப்புறம், முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது, நடுவில் இரண்டாக மடிந்தால் கூடாது. ஈரத் துணி பிழிவது மாதிரி முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. கடைசியாகக் கண்ணாடி மேஜை மேல் ஜோடியாக வைத்து, கண்மட்டத்துக்குக் குனிந்து பின்னால் இருந்து பாருங்கள். இரண்டும் நேராக நிற்க வேண்டும். தொழிற்சாலையிலேயே ஒருபக்கம் சாய்த்து ஒட்டிய ஷூக்கள் வருவதுண்டு. கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இனிமேல்தான் காலில் போட வேண்டும். இரண்டு காலிலும் போட்டு, நின்று பார்க்க வேண்டும். நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். நீளமான விரல் சிலருக்குக் கட்டைவிரலாக இருக்காது, அடுத்த விரலாக இருக்கும், அதைக் கவனியுங்கள். வெறுங்காலில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு முன்பாதம் அகலம். சுண்டுவிரல் பக்கம் துணி புடைத்து நின்றால், அதே சைஸில் அகலமாகச் செய்தது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அரை சைஸ் கூட்டுங்கள். இன்சோலோடு போட்டால் அவளுடைய வழக்கமான அளவிலிருந்து அரை சைஸ் மேலே போவது சகஜம். பிறகு கடைக்குள்ளேயே ஆடிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நான்கு எட்டு, நுனிக்காலில் ஒரு எம்பல், பின்னோக்கி நான்கு எட்டு. குதிகால் நழுவினால், ஷூ கயிறு கட்டுவதை மாற்றிப் பாருங்கள். மேலே, கணுக்கால் அருகே, ஒதுக்குப்புறமாக ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும், எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் கயிற்றை அந்த ஓட்டையில் விட்டுச் சின்ன வளையமாக்கி, வலது கயிற்றை இடது வளையத்திலும் இடதை வலதிலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகும் நழுவினால் அந்த ஷூ வேண்டாம்.

இவ்வளவும் செய்து வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு மறுநாளே குறுவட்டப் போட்டிக்குப் போய்விடாதீர்கள். நான் அதைச் செய்தவன். கல்லூரி நாட்களில் வாலிபால் ஆடினேன். என் பாதத்துக்கும் அளவெடுத்துச் செய்த இன்சோல் கைக்கு வந்த மறுநாள் போட்டி. முதல் செட் முடிவதற்குள் இரண்டு உள்ளங்காலிலும் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்பளம். இரண்டாவது செட்டில் உட்கார்ந்து பார்த்தேன், தோற்றோம். பாதம் புதிய மேட்டுக்குப் பழக வேண்டும். முதல் நாள் வீட்டுக்குள்ளும் தெருவிலும் ஒரு மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டாவது வாரத்தில் லேசான பயிற்சி, அது சரியாக இருந்தால் முழுப் பயிற்சி, அதற்கப்புறம்தான் போட்டி. முதல் சில நாட்கள் கெண்டைக்காலிலும் உள்ளங்காலிலும் மெல்லிய அசதி இருக்கும், அது பரவாயில்லை.

கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் இருந்தால், அரை மணி நேரத்தில் மறைகிறதா என்று கவனியுங்கள். மறைந்தால் சரி. மறையாமல் அதே இடத்தில் நின்றால் அங்கே இன்சோல் குத்துகிறது, செய்து கொடுத்தவரிடம் எடுத்துப் போங்கள். பிளவுஸ் தைத்து வாங்கினால் ஒருமுறை ஆல்டர் பண்ணக் கொடுப்பதில்லையா, அப்படித்தான் இதுவும். தேய்த்து, குழித்து, சூடு காட்டி வளைத்துச் சரி செய்து கொடுப்பது அவர் வேலை. நாம் வீட்டில் பிளேடு வைத்துச் சீவக் கூடாது. உங்கள் மகளுக்கு உள்பக்கம் வளைவின் உச்சியில் எலும்பு கொஞ்சம் புடைத்திருந்தால், அந்த இடத்தைக் குறிப்பாகக் காட்டிக் குழிக்கச் சொல்லுங்கள். சிலருக்கு அங்கே பிறவியிலேயே ஒரு சின்ன எலும்பு கூடுதலாக இருக்கும், கெட்டியான ஓரம் பட்டால் உயிர் போகும்.

பி.டி. சார் சொன்னதை முழுசாகத் தள்ளவும் மாட்டேன். அவர் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே அளந்து பார்த்த உண்மை. 1992-ல் மணிப்பால் மருத்துவர்கள் ராவ், ஜோசப் இருவரும் 2,300 குழந்தைகளின் பாதத் தடத்தை எடுத்துப் பார்த்தார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். அதிலும் விரல் மூடிய ஷூ போட்டவர்களுக்கு அதிகம், செருப்புப் போட்டவர்களுக்குக் குறைவு. பாதம் உருவாகும் வயதில் வரப்பில் ஓடுவதும் மண்ணில் ஆடுவதும் நல்லது என்றுதான் நானும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் ஷூவை வாங்கி மாட்டாதீர்கள். ஆனால் அந்தக் கணக்கு ஐந்து வயதுக்கு. உங்கள் மகளுக்குப் பதினாறு, பாதம் உருவாகி முடிந்துவிட்டது, தசைநாணில் வலி வந்துவிட்டது, ஒருமுறை பிசகியும் விட்டது. இந்த நிலையில் வெறுங்காலில் இரண்டு மணி நேரம் ஆடினால் அந்தக் கயிறுக்கு ஓய்வு எங்கே? சாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "மூன்று மாதம் பார்ப்போம் சார்" என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார். வீட்டில் வெறுங்காலோடு நடப்பதைத் தடுக்காதீர்கள், வலி இல்லாத வரை.

சோல் போட்டால் கால் சோம்பேறியாகிவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். அதற்கு நல்ல ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் சோல் போட்டதால் கால் பலமாகிவிடாது என்பதும் உண்மை, பலத்துக்கு உழைக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசற்படி போதும். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகால்களுக்கு நடுவே ஒரு பழைய பூப்பந்தை நசுங்காமல் கவ்விக்கொண்டு, மெதுவாக எழும்பி மெதுவாக இறங்க வேண்டும். பந்து கீழே விழக் கூடாது. பதினைந்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பந்தைக் கவ்வும்போது வேலை செய்வது அந்த உள்பக்கக் கயிறு. ஆறேழு வாரத்தில் ஒற்றைக் காலில் எழும்புமளவுக்கு வர வேண்டும். கூடவே சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை இழுத்துவிடுவது, முட்டியை நீட்டி ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை, அரை நிமிடம் வீதம். இறுகிய கெண்டைக்கால் பாதத்தைத் தட்டையாக்கித் தள்ளும்.

பிசகிய கால் விஷயத்தில் வீக்கம் வடிந்தது போதாது. வலது காலில் மட்டும் அரை நிமிடம் தடுமாறாமல் நிற்கிறாளா, அதே காலில் பத்து முறை எம்ப முடிகிறதா, எட்டுப் போட்டது மாதிரி வளைந்து ஓடினால் வலிக்கவில்லையா என்று பாருங்கள். மூன்றும் முடிந்தால் களத்துக்கு அனுப்பலாம். ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகத்தான் பார்க்கும், அதனால் இந்தப் பருவம் முழுக்க ஆடும்போது, ஷூ மாதிரி கயிறு கட்டும் கணுக்கால் பட்டை ஒன்று போடட்டும். ஷூ வாங்கப் போகும்போது அதையும் போட்டுக்கொண்டே அளவு பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். ஆடி முடித்ததும் இன்சோலை வெளியே எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். மொட்டை மாடியிலோ தகரக் கூரை மேலோ சித்திரை வெயிலில் வைத்தால் கோணிக்கொள்ளும், பிறகு அது யாருடைய பாதத்துக்கும் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷூ நாள்கணக்கில் காயாது. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். அடிப்பாகத்து வரிகளில் நம் வண்டல் மண் அப்பிக்கொண்டு செங்கல் மாதிரி கனக்கும், ஒரு ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்துவிட்டால் போதும். மென்மையான இன்சோல் ஒரு வருடத்துக்குள் அமுங்கிவிடும், கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்தது சில வருடம் வரும். அவள் பாதம் இனி அதிகம் வளராது என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்காது.

போலீஸ் வேலை பற்றி. மத்திய காவல் படைகளின் தேர்வு அறிவிப்புகளில் தட்டைப் பாதமும் முட்டி தட்டுவதும் இருக்கக் கூடாது என்று போட்டிருப்பார்கள், அதை மறைத்துப் பயனில்லை. ராணுவத்தின் மருத்துவ விதியில் ஒரு சலுகை உண்டு. நுனிக்காலில் நின்றால் வளைவு தெரிய வேண்டும், நுனிக்காலில் நன்றாக ஓடவும் துள்ளவும் வேண்டும், பாதம் வலியில்லாமல் வளைந்து கொடுக்க வேண்டும். இவை இருந்தால் ஏற்கிறார்கள். ஒவ்வொரு துறைக்கும் விதி வேறுபடும், முடிவு அங்கே உட்கார்ந்திருக்கும் மருத்துவர் கையில். அவள் எதற்கு விண்ணப்பிக்கிறாளோ அந்த அறிவிப்பின் மருத்துவத் தகுதிப் பக்கத்தை இப்போதே வாசித்து வைக்கட்டும். வாசற்படியில் பந்தைக் கவ்விக்கொண்டு எழும்பும் பயிற்சி அந்த நாளுக்கும் உதவும்.

புதிய ஷூவோடு ஆறு வாரம் ஆடிய பிறகும் அதே இடத்தில் வலி இருந்தால், ஷூ, இன்சோல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எலும்புப் பிரிவிலும் காட்டலாம். வெறுங்கையோடு போய்க் காலை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான் தெரியும்.

சிங்கப்பூர் ஷூவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவள் அப்பாவிடம் ஆடும்போது பிசகியதென்றும் சொல்ல வேண்டாம், பாவம். உள்ளிருக்கும் மெத்தையை எடுத்துவிட்டு இந்த இன்சோலைப் போட்டுப் பாருங்கள். குதிகால் பிடித்து நின்றால், பேருந்து நிறுத்தம் வரை நடக்கவும், காலையில் ஆற்றங்கரையில் ஓடவும் அதைவிட நல்ல ஷூ கிடைக்காது. ஆட்டத்துக்கு வேண்டியதற்கு மட்டும் அடுத்த முறை பணமாக அனுப்பச் சொல்லுங்கள்.